போராட்டச் செய்திகளை வாசித்து ஆங்கிலம் கற்கலாமா?

கேள்வி: நான் மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் வசிக்கிறேன். உயர்தரத்தைக் கலைப் பிரிவில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். ஆங்கிலச் செய்திகளை வாசித்தால் சொல்வளம் பெருகும் என்று அண்ணன் சொன்னார். வெளிநாடுகளில் நடக்கும் அரசியல் போராட்டங்கள், அவற்றில் பிற நாடுகள் தலையிடுவது பற்றிய செய்திகளையே நான் விரும்பி வாசிக்கிறேன். நாளொன்றுக்கு நாற்பது சொற்களைக் கொப்பியில் எழுதி, எதிரே தமிழ்க் கருத்தையும் எழுதுகிறேன். அடுத்த வாரத்துக்குள் பாதி மறந்துவிடுகிறது. மறக்காதவற்றையும் வாக்கியத்தில் அமைக்கத் தெரியவில்லை. ‘இன்டர்வென்ஷன்’, ‘இன்டர்ஃபியரன்ஸ்’ இரண்டுக்கும் அகராதி ‘தலையீடு’ என்றே சொல்கிறது. அப்பாவோ, இந்தக் கலவரச் செய்திகள் நமக்கு எதற்கு என்கிறார். இந்தச் சொற்கள் நேர்முகத் தேர்வுக்கும் அன்றாடப் பேச்சுக்கும் உதவுமா? சில சொற்களை எப்படி உச்சரிப்பது என்பதும் விளங்கவில்லை.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் தெரிந்தெடுத்த செய்திகளில் குறையில்லை, குறை கொப்பியில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு நாற்பது சொற்கள் என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். முற்றிய இலையைப் போட்டுக் கூடையை நிரப்பினால் நிறுவையில் நிறை காட்டும், தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். ஆனால் அந்த ஐந்தையும் தனியாக எழுதாமல், எந்தச் சொற்களோடு சேர்ந்து வந்தன, யார் வாயிலிருந்து வந்தன என்ற இரண்டு விபரங்களோடும் எழுத வேண்டும். நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு விபரங்களைப் பற்றியதுதான்.

அதற்கு முன் எதை வாசிப்பது என்று பார்ப்போம். பிறமொழியில் செய்தி வாசிப்பவர் நடந்தது என்னவென்றும் விளங்கிக்கொள்ள வேண்டும், அது எந்தச் சொற்களால் சொல்லப்படுகிறது என்றும் கவனிக்க வேண்டும். நடந்தது முன்பே தெரிந்திருந்தால்தான் மனம் சொற்களில் நிற்கும். ஆகவே தொலைதூர நாட்டுச் செய்தியிலிருந்து தொடங்காமல், தமிழில் நீங்கள் நன்கறிந்த போராட்டங்களிலிருந்து தொடங்குங்கள். போராட்டச் சொற்கள் மலையகத்தாருக்குப் புதியவை அல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை, 2021 இல் அது வர்த்தமானியில் வரும்வரை ஆண்டுக்கணக்கில் வீதிக்கு வந்தது. இவை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடி வாசித்தால், வேலைநிறுத்தம் ‘ஸ்ட்ரைக்’ என்றும், மெதுவாகப் பணிபுரியும் போராட்டம் ‘கோ-ஸ்லோ’ என்றும், சட்டப்படி வேலை ‘வேர்க்-டு-ரூல்’ என்றும், வாசலில் பதாகையோடு நிற்பது ‘பிக்கெட்’ என்றும் வருவதைக் காண்பீர்கள். ‘ஹர்த்தால்’ என்ற நமது சொல்லை, 1953 ஆகஸ்ட் 12 ஆம் திகதிய போராட்டத்தைக் குறிக்க, ஆங்கிலத்தில் எழுதுவோரும் மாற்றாமலே எழுதுகிறார்கள். 2022 க்குப் பின்னர் போராட்டம் என்று பொருள்படும் ‘அரகலய’ என்ற சிங்களச் சொல்லும் அப்படியே ஆங்கிலப் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது.

அந்த 2022 ஆம் ஆண்டு உங்களுக்கு நல்லதொரு பாடநூல். மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்துக்கு அருகே திரண்ட கூட்டம், ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் அமைந்த போராட்டக் களம், மே 9 ஆம் திகதி அக்களத்தின் மீது நடந்த தாக்குதல், ஜூலை 9 ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் சென்றது, ஜூலை 13 இல் ஜனாதிபதி மாலைதீவுக்குப் புறப்பட்டது, மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகியது ஆகிய எல்லாவற்றையும் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எரிபொருள் வரிசையிலும் நின்றிருப்பீர்கள். இப்போது ஜூலை 9 ஆம் திகதிய சம்பவம் பற்றிய ஆங்கிலச் செய்திகள் சிலவற்றை அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். மக்கள் உள்ளே சென்றதை ‘என்டர்’ என்ற வினையால் எழுதினால், அது நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘ஸ்டோர்ம்’ என்றால் தடைகளை உடைத்துக்கொண்டு ஆவேசமாகப் புகுந்தார்கள் என்று பொருள். ‘ஒக்கியுபை’ என்றால் உள்ளே போனதோடு நில்லாமல் தங்கியும் விட்டார்கள். அதேபோல் ஜனாதிபதி ‘ரிசைன்’ செய்தார் என்பது சட்டமுறையான சொல். ‘ஸ்டெப் டவுன்’ அதையே சற்று மென்மையாகச் சொல்வது. ‘ஃப்ளீ’ என்றால் தப்பியோடினார். ‘ஔஸ்ட்’ என்ற வினை வந்தால் அவர் விலகவில்லை, விலக்கப்பட்டார். இவற்றை ஒரே தமிழ்க் கருத்துக்கு எதிரே வரிசையாக எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். ஒரு சம்பவத்தின் கீழ் எழுதினால் மறைய வழியில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நான் எடுத்துக்காட்டியவை எல்லாம் வினைச்சொற்கள். மாணவர்கள் நீளமான பெயர்ச்சொற்களின் பின்னால் ஓடுகிறார்கள். வாக்கியத்தைத் தாங்குவதோ வினை. ஊரடங்குச் சட்டம் ‘கர்ஃபியூ’ என்று தெரிந்தால் போதாது. அதைப் பிறப்பிப்பதற்கு ‘இம்போஸ்’, நீடிப்பதற்கு ‘எக்ஸ்டென்ட்’, தளர்த்துவதற்கு ‘ஈஸ்’, நீக்குவதற்கு ‘லிஃப்ட்’, மீறுவதற்கு ‘டிஃபை’ என்று ஐந்து வினைகள் அதனோடு சுற்றி வருகின்றன. அவசரகால நிலைக்கு ‘டிக்ளேர்’. கூட்டத்தைக் கலைப்பதற்கு ‘டிஸ்பேர்ஸ்’. படைகளை நிறுத்துவதற்கு ‘டிப்ளோய்’, திரும்ப அழைப்பதற்கு ‘வித்ட்ரோ’. போர்நிறுத்தத்துக்கு மூன்றாந்தரப்பு இடைநின்று வழிசெய்தால் ‘ப்ரோக்கர்’. கொப்பியில் பெயரை நடுவில் எழுதி, அதைச் சுற்றி அதன் வினைகளை எழுதுங்கள். எழுதியவற்றை அந்த வாரமே நீங்கள் அமைத்த ஒரு வாக்கியத்தில் வைத்துவிட வேண்டும். மறதிக்கு நான் அறிந்த மருந்து அதுதான்.

இனி, நீங்கள் கேட்ட தலையீடு. ‘இன்டர்வென்ஷன்’ என்ற சொல் நன்மை தீமை சொல்லாமல், நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குள் வெளியிலிருந்து ஒருவர் புகுந்து செயற்படுவதைக் குறிக்கும். வைத்தியர் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைக்கும், மத்திய வங்கி டொலர் சந்தையில் தலையிடுவதற்கும் இச்சொல் வரும். ‘இன்டர்ஃபியரன்ஸ்’ அப்படியல்ல, சொல்லிலேயே முறைப்பாடு இருக்கிறது. ஒரு நாடு தான் செய்வதை முதற்சொல்லாலும், பிறர் தன்னிடம் செய்வதை இரண்டாம் சொல்லாலும் அழைக்கும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. ‘இன்வேஷன்’ என்பது கைப்பற்றும் நோக்கோடு படை எல்லை தாண்டுவது. ‘இன்கேர்ஷன்’ என்பது சிறிது தூரம் புகுந்து திரும்புவது. ‘ஒக்கியுபேஷன்’ என்பது புகுந்த படை அங்கேயே நிலைத்து அதிகாரம் செய்வது. ‘அனெக்சேஷன்’ என்பது அந்த நிலத்தைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டதாக அறிவிப்பது. 2014 இல் யுக்ரேனின் கிரைமியாவை ரஷ்யா சேர்த்துக்கொண்டது தொடர்பாக ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியது இந்தக் கடைசிச் சொல்லை.

இதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1987 ஜூன் 4 ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் உணவுப் பொருட்களைப் போட்டன. இந்தியா அதை மனிதாபிமான நிவாரணம் என்றது; இலங்கை அரசாங்கம் வான்பரப்பையும் இறைமையையும் மீறிய செயல் என்றது. ஜூலை 29 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்தியப் படை வந்தபோது, அதன் பெயரிலேயே ‘பீஸ் கீப்பிங்’, அதாவது அமைதி காத்தல், இருந்தது. ஒக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் அது வெளியேறும்வரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தத்தம் நிலைப்பாட்டுக்கேற்ப அதை அமைதிப்படை என்றும் ஆக்கிரமிப்புப் படை என்றும் எழுதினார்கள். இக்காலம் பற்றிய பழைய ஆங்கிலச் செய்திகளை வாசிக்கும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ‘டில்லி’, ‘கொழும்பு’, ‘நிருபர்’, ‘குடாநாட்டு மக்கள்’ என்று சொன்னவரைக் குறித்து வையுங்கள். தலைநகரின் பெயரை அரசாங்கத்துக்குப் பதிலாக எழுதும் வழக்கம் ஆங்கிலச் செய்திகளில் உண்டென்பதும் அப்போது பழகிவிடும்; வொஷிங்டன் சொன்னது, பெய்ஜிங் மறுத்தது என்றெல்லாம் வந்தால் ஊர் பேசியதாக எண்ணிக் குழம்ப மாட்டீர்கள்.

சொல்லுக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்க்கப் பழகுவதற்கு மலையகத்தாருக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான நம் மக்கள், ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்லெஸ்’ எனப்பட்டார்கள். 1964 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதாக ஒதுக்கி வைத்தது. அனுப்பிவைக்கும் அந்தக் காரியத்துக்கு ஆவணங்கள் இட்ட பெயர் ‘ரீபேட்ரியேஷன்’: ஒருவரை அவரது சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புதல். தமிழ்நாட்டில் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றார்கள். கப்பலேறியவர்களில் பலர் தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். காணாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? ஒருவரை வலிந்து வெளியேற்றுவதற்கு ஆங்கிலத்தில் ‘டிபோர்ட்’ என்ற வேறொரு வினை இருக்கிறது. இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த காரியமாதலால் அந்த வினை ஆவணத்தில் வரவில்லை. உங்கள் குடும்பத்திலும் யாரேனும் அப்படிப் போயிருக்கக்கூடும். அகராதியின் பொருளை மட்டும் எழுதிவைத்தால் இச்சொல்லின் பாதிதான் கொப்பிக்குள் வரும்.

இவ்வளவு பழகிய பின்னர் வெளிநாட்டுச் செய்திகளுக்குப் போகலாம். அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் ஆங்கிலம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் வருத்தத்துக்கும் கண்டனத்துக்கும் படிகள் உண்டு: ‘கன்சேர்ன்ட்’ என்றால் கவலை, ‘கிரேவ்லி கன்சேர்ன்ட்’ என்றால் மிகுந்த கவலை, ‘டிப்ளோர்’ என்றால் ஏற்க முடியாத செயல் என்ற கடிந்துரை, ‘கன்டெம்’ என்றால் நேரடிக் கண்டனம். 2022 பெப்ரவரி 24 ஆம் திகதி ரஷ்யா யுக்ரேனுக்குள் படையை அனுப்பி, அதை விசேட இராணுவ நடவடிக்கை என்று அழைத்தது. மார்ச் 2 ஆம் திகதி பொதுச்சபையில் நிறைவேறிய தீர்மானம் அதை ‘அக்ரெஷன்’, அதாவது ஆக்கிரமிப்பு, என்றது. அதனோடு வந்த வினை ‘டிப்ளோர்’. 141 நாடுகள் ஆதரவாகவும் 5 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, இலங்கை உட்பட 35 நாடுகள் செய்தது ‘அப்ஸ்டெய்ன்’, ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்காது விலகி நிற்பது. லிபியா பற்றி 2011 மார்ச் 17 இல் நிறைவேறிய பாதுகாப்புச் சபையின் 1973 ஆம் இலக்கத் தீர்மானமும் வாசிக்கத்தக்கது. பொதுமக்களைப் பாதுகாக்க ‘ஆல் நெசசரி மெஷர்ஸ்’ எடுக்கலாம் என்று அது கூறியது. தேவையான எல்லா நடவடிக்கைகளும் என்று சாதுவாகத் தோன்றும் இத்தொடர், படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. அந்த அனுமதி ஆட்சியைக் கவிழ்க்கவே பயன்பட்டது என்று ரஷ்யாவும் சீனாவும் பின்னர் குற்றஞ்சாட்டின. ‘ரெஜீம் சேஞ்ச்’ என்ற தொடர் அந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும். ‘சாங்ஷன்’ என்ற சொல்லில் மட்டும் அவதானமாக இருங்கள். அலுவலகத்தில் அது அனுமதி. பன்மையில் ஒரு நாட்டின் மீது விதிக்கப்படும்போது தடை. ஒரே சொல்லுக்கு எதிரெதிரான பொருள்கள் என்பதால், பக்கத்திலுள்ள சொற்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தலைப்புகள் உங்களைக் குழப்பியிருக்கும். ஆங்கிலத் தலைப்பில் நேற்று நடந்தது நிகழ்காலத்தில் வரும், நாளை நடக்கப்போவது ‘டு’ சேர்ந்து வரும், துணைவினைகள் விழுந்துவிடும். விசாரணைக்கு ‘ப்ரோப்’, கடுமையாகச் சாடுவதற்கு ‘ஸ்லாம்’, உறுதியளிப்பதற்கு ‘வௌ’ என்ற குட்டைச் சொற்கள் இடத்தை மிச்சப்படுத்த வருகின்றன. இவற்றை விளங்கிக்கொண்டால் போதும், எழுத்தில் பின்பற்ற வேண்டாம். தலைப்பு நடையில் பரீட்சைக் கட்டுரை எழுதியவர்களுக்குப் புள்ளி குறைவதைப் பார்த்திருக்கிறேன். செயப்பாட்டு வினைக்கு மட்டும் ஒரு கணம் நில்லுங்கள். ‘ஷொட்ஸ் வேர் ஃபயர்ட்’ என்ற வாக்கியத்தில் வெடி தீர்ந்தது தெரிகிறது, தீர்த்தவர் தெரியவில்லை. நிருபருக்கு உண்மையிலேயே தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தும் எழுதாமல் விட்டிருக்கலாம். அப்படியொரு வாக்கியத்தைக் கண்டால், செய்தவரை எழுவாயாக வைத்து மீண்டும் எழுதிப் பாருங்கள். இலக்கணப் பயிற்சிக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. ‘பொலிஸ்’ என்ற சொல் ஆங்கிலத்தில் பன்மை வினையைப் பெறும் என்பதையும் அப்போது சேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள். யாரேனும் சொன்னதைக் குறிக்கும் வினைகளும் இப்படித்தான்: ‘சே’ என்றால் சொன்னார், ‘கிளெய்ம்’ என்றால் சொன்னார் ஆனால் நிருபர் பொறுப்பேற்கவில்லை, ‘அட்மிட்’ என்றால் மறைத்து வைத்ததை ஒப்புக்கொண்டார்.

உங்கள் அப்பாவின் பேச்சைத் தட்டிவிடாதீர்கள். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்டும் கேட்டும் வளர்ந்த தலைமுறை அவ்வாறு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆனால் வாசிப்பது குற்றமல்ல. சொல் கற்பதற்குச் செய்தியைப் பிறருக்கு அனுப்பவோ அதன் கீழ் கருத்து எழுதவோ தேவையில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. இலங்கையில் வர்த்தமானி அறிவித்தல்களும் அரசியலமைப்பும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று மொழிகளிலும் வெளியாகின்றன. பேச்சுச் சுதந்திரம், அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம், தொழிற்சங்கம் அமைக்கும் சுதந்திரம் ஆகியவற்றைச் சொல்லும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து, வேண்டுமானால் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அதே முறையில் நீதிமன்றச் செய்திகளையும் வாசிக்கலாம். கைது ‘அரெஸ்ட்’, தடுத்து வைத்தல் ‘டிட்டெய்ன்’, விளக்கமறியல் ‘ரிமாண்ட்’, குற்றஞ்சாட்டுதல் ‘சார்ஜ்’, குற்றவாளியென்று தீர்த்தல் ‘கன்விக்ட்’. இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. கைதானவரைக் குற்றவாளி என்று எழுதும் பழக்கம் நம் தமிழ்ச் செய்திகளிலும் இருக்கிறது. அது வேறு கதை.

நேர்முகத் தேர்வுக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாக அவ்வளவு உதவாது என்பதே என் பதில். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பவரிடம் போர்நிறுத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. ஹட்டன் வங்கியிலும் நுவரெலியா வைத்தியசாலையிலும் வேண்டிய ஆங்கிலம் வேறு. அதற்குப் படிவங்கள், அறிவித்தல்கள், மண்சரிவு எச்சரிக்கைகள் போன்றவற்றையும் வாசிக்க வேண்டும், கூடப் பேச ஒருவரும் வேண்டும். ஆயினும் செய்தியில் கற்ற வினைகள் வீணாவதில்லை. படையைத் திரும்ப அழைக்கும் ‘வித்ட்ரோ’ வங்கியில் பணம் எடுப்பதற்கும் விண்ணப்பத்தை மீளப்பெறுவதற்கும் வருகிறது. ஊரடங்கை நீடிக்கும் ‘எக்ஸ்டென்ட்’ விண்ணப்ப முடிவுத் திகதிக்கும் பொருந்தும். தண்டப்பணம் விதிப்பதும் ‘இம்போஸ்’ தான். பல்கலைக்கழகம் சென்றதும் அரசறிவியலோ வரலாறோ படிப்பீர்களானால், பெயர்ச்சொற்களும் முதல் தவணையிலேயே பயன்படத் தொடங்கிவிடும். எனவே நாள்தோறும் ஒதுக்கும் நேரத்தில் பாதியைச் செய்திக்கும் மீதியை அன்றாட ஆங்கிலத்துக்கும் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே சம்பவத்தைப் பின்தொடருங்கள்: முதலில் வீரகேசரியிலோ தினக்குரலிலோ தமிழில், பிறகு டெய்லி மிரர் போன்ற உள்நாட்டு ஆங்கிலப் பத்திரிகையில், பிறகு ரொய்ட்டர்ஸ், பிபிசி அல்லது அல்ஜசீராவில். 2024 ஆகஸ்டில் பங்களாதேஷில் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்குச் சென்றதையும், 2025 செப்டெம்பரில் நேபாளத்தில் சமூக ஊடகத் தடையைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தையும் இம்முறையில் வாசிக்கலாம். இரண்டிலும் 2022 இல் நீங்கள் கற்ற வினைகளே மீண்டும் வரும்.

உச்சரிப்பில் உங்களைத் தடுமாற வைப்பவை பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களாக இருக்கும். ஆட்சிக் கவிழ்ப்பைக் குறிக்கும் சொல்லின் இறுதியில் ‘பி’ எழுத்து நிற்கும், ஒலிக்காது. ‘கூ’ என்று மட்டும் சொல்ல வேண்டும். படைப்பிரிவைக் குறிக்கும் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளும் ஒலிக்காமல் ‘கோர்’ என்றாகும். கேணல் என்று நாம் எழுதும் பதவிப் பெயரில் ஒலிக்கும் ‘ர்’ எழுத்துக்கூட்டலில் இல்லை; ‘கேர்னல்’ என்பதே ஒலி. முற்றுகை ‘சீஜ்’, ஆட்சி ‘ரெஜீம்’. செய்தியை வாசித்த அன்றே அதே செய்தியை வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ ஒருமுறை கேட்டு, வாசிப்பவர் இச்சொற்களுக்கு வரும்போது கூடவே சொல்லிப் பாருங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும். லயத்தில் பக்கத்து வீட்டாருக்குக் கேட்டால் கேட்கட்டும்.